நிமோனியா நோயாளியை முதல் நாளிலேயே எழுப்பி உட்காரவைத்தல்

நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு ஆன்டிபயாடிக் மருந்து, தேவைப்பட்டால் ஆக்சிஜன், உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்த சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். நோயாளியைப் படுக்கையைவிட்டு எழுப்புவது என்ற நான்காவது வேலை மட்டும் பல வார்டுகளில் விடுபட்டுப்போகிறது. சிக்கல் இல்லாத நிமோனியா நோயாளி, சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் படுக்கையிலிருந்து இறங்கிக் குறைந்தது 20 நிமிடம் உட்கார வேண்டும்; அடுத்தடுத்த நாள்களில் நடமாட்டம் கூடிக்கொண்டே போக வேண்டும். பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2009இல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டுதலில் உள்ள பரிந்துரை இது. இந்த அத்தியாயம் பொது வார்டில் இருக்கும் வயதுவந்த நோயாளிகளைப் பற்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவர்களை அசைப்பதற்கான விதிகள் வேறு.

எதை எழுப்புதல் என்று கணக்கில் எடுப்பது

படுத்த நிலையிலிருந்து நிமிர்ந்த நிலைக்கு மாறுவதும், படுக்கையைவிட்டு வெளியே வருவதும் சேர்ந்ததே எழுப்புதல். நாற்காலியில் உட்காருவது, நிற்பது, நடப்பது மூன்றும் இதில் சேரும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தித் தலையணையில் சாய்ந்திருப்பது நல்லதே ஆனாலும் இந்தக் கணக்கில் வராது. சாய்ந்திருப்பவர் சிறிது நேரத்தில் கீழே சரிந்து, வயிறு மடங்கி, மார்பு குறுகிய நிலைக்கு வந்துவிடுகிறார். கை கால்களைப் பிறர் பிடித்து நீட்டி மடக்குவதும் எழுப்புதல் ஆகாது. கழிவறைக்கு நடந்து போய்வருவது ஆகும். ஆனால் அது இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுவதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

படுக்கை நுரையீரலுக்குச் செய்வது

மல்லாந்து படுத்தவுடன் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மார்புப் பக்கம் தள்ளுகின்றன. சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்று, நிமிர்ந்திருக்கும்போது இருந்ததைவிட அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைகிறது. முதுகுப்பக்கம் இருக்கும் காற்றறைகளும் சிறு காற்றுக்குழாய்களும் இதயம், நுரையீரல் ஆகியவற்றின் எடையால் அழுந்தி மூடிக்கொள்ளத் தொடங்குகின்றன. வயது கூடக்கூட இந்த மூடல் எளிதாக நிகழ்கிறது.

நிமோனியாவில் நுரையீரலின் ஒரு பகுதி ஏற்கெனவே அழற்சி நீராலும் சீழணுக்களாலும் நிறைந்து கெட்டிப்பட்டிருக்கும். அங்கே காற்று போகாது, ஆனால் இரத்தம் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே இதயத்துக்குத் திரும்புவதால்தான் நோயாளியின் ஆக்சிஜன் அளவு குறைகிறது. நாள் முழுக்கப் படுத்திருந்தால், நோய் தொடாத பகுதியிலும் காற்றறைகள் மூடி இந்தக் குறை கூடுகிறது. இருமலும் பலவீனப்படுகிறது. சளியை வெளியே தள்ளும் இருமலுக்கு முதலில் ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும், பிறகு வயிற்றுத் தசைகள் வலுவாக இறுக வேண்டும். படுத்த நிலையில் இரண்டும் சரியாக அமைவதில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்ததும் உதரவிதானம் கீழே இறங்கி, நுரையீரலின் அடிப்பகுதிகள் விரிகின்றன. நடக்கும்போது உடலின் தேவை கூடுவதால் மூச்சு தானாகவே ஆழப்படுகிறது. எழுப்புவதால் கிருமி சாவதில்லை. அது ஆன்டிபயாடிக்கின் வேலை. நோயில்லாத நுரையீரல் பகுதியைத் திறந்து வைத்திருப்பதும், இருமலுக்கு வலு தருவதும், படுக்கை உண்டாக்கும் கூடுதல் கேட்டைத் தடுப்பதும்தான் எழுப்புதலின் பயன்.

உடலின் மற்ற பகுதிகளுக்கு நேரும் கேடு

படுக்கை ஓய்வு தானாகவே உடலைப் பலவீனப்படுத்தும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டல்லஸில் நடந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். உச்ச உழைப்பின்போது அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. முதியவர்களுக்கு இழப்பு இன்னும் வேகமாக வருகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத முதியவர்கள் பத்தே நாள் படுக்கை ஓய்வில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். இவர்கள் காய்ச்சலோ தொற்றோ இல்லாதவர்கள். நிமோனியா நோயாளியிடம் அழற்சியும் பசியின்மையும் சேர்ந்து தசையைக் கரைப்பதால் இழப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாள்களிலேயே குறைவதால், எழுந்ததும் தலைசுற்றுகிறது. கால் சிரைகளில் இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. படுக்கைப்புண், மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், இரவு பகல் தெரியாத மனக்குழப்பம் ஆகியவையும் பின்தொடர்கின்றன. பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாக எடுத்துச் சொன்னார். ஆனாலும் வழக்கம் எளிதில் மாறவில்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனையில் இருந்த 45 முதியவர்களின் உடலில் அசைவை அளக்கும் கருவி பொருத்திப் பார்த்தபோது, அவர்கள் 83 சதவீத நேரத்தைப் படுத்தே கழித்தது தெரிந்தது. நின்றதும் நடந்ததும் சேர்ந்து 4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

ஆய்வுகள் காட்டியது

நிமோனியாவில் முதல் நாள் எழுப்புதலை நேரடியாகச் சோதித்த முக்கிய ஆய்வு 2003இல் செஸ்ட் இதழில் வெளியானது. அமெரிக்காவின் மத்தியமேற்குப் பகுதியில் மூன்று மருத்துவமனைகளின் பொது வார்டுகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில், சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் குறைந்தது 20 நிமிடம் படுக்கைக்கு வெளியே நிமிர்ந்த நிலை, பிறகு நாள்தோறும் கூடுதல் நடமாட்டம். மற்றதில் வழக்கமான கவனிப்பு. பங்கேற்ற நோயாளிகள் 458 பேர். எழுப்பப்பட்டவர்கள் மருத்துவமனையில் இருந்த சராசரி நாள் 5.8, மற்றவர்களுக்கு 6.9. நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் 1.1 நாள் வித்தியாசம் நின்றது. தீய விளைவுகள் எழுப்பப்பட்டவர்களிடம் கூடவில்லை.

2012இல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வில் 401 நோயாளிகள் பங்கேற்றனர். முதல் நாள் எழுப்புதல், ஊசி ஆன்டிபயாடிக்கிலிருந்து மாத்திரைக்கு மாற வரையறுத்த அளவுகோல், வீட்டுக்கு அனுப்ப வரையறுத்த அளவுகோல் ஆகிய மூன்றும் ஒரே திட்டமாகச் செயல்படுத்தப்பட்டன. மருத்துவமனை நாள்களின் இடைநிலை அளவு 6.0இலிருந்து 3.9ஆகவும், ஊசி மருந்து நாள்கள் 4.0இலிருந்து 2.0ஆகவும் குறைந்தன. மூன்றும் சேர்ந்து தந்த பலன் என்பதால் இதில் எழுப்புதலின் பங்கை மட்டும் தனியே பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த ஆய்வுகளிலிருந்து, இருப்பதைவிட அதிகமாக எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனை நாள்கள் குறைகின்றன என்பதற்குச் சான்று உண்டு. இறப்பு குறைகிறது என்பதற்கோ, திரும்பவும் சேர்க்க வேண்டிய நிலை குறைகிறது என்பதற்கோ சான்று இல்லை. முறைப்படி எழுப்பினால் கூடுதல் தீங்கு வருவதில்லை என்பதுதான் வார்டுக்கு மிகவும் தேவையான செய்தி.

யாரை எழுப்பலாம், யார் விஷயத்தில் பொறுக்கலாம்

பொது வார்டுகளில் பரவலாகப் பயன்படும் எல்லைகள் வருமாறு. மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தனியாக வேறு எல்லை எழுதியிருந்தால் அதுவே செல்லும்.

• ஆக்சிஜன் வைத்தோ வைக்காமலோ, ஓய்வில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 சதவீதம் போதும்.
• மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 30க்கு மேல் போகக் கூடாது.
• நாடித்துடிப்பு 50க்கும் 120க்கும் இடையில் இருக்க வேண்டும்.
• மேல் இரத்த அழுத்தம் 90க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும்.
• கூப்பிட்டால் விழித்து, சொன்னதைச் செய்யும் அளவு தெளிவு வேண்டும்.

இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த மருந்து ஓடிக்கொண்டிருப்பவர், புதிதாக மார்புவலியோ இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையோ வந்தவர், இருமலில் அதிக அளவு இரத்தம் வருபவர், மூச்சுத்திணறல் மணிக்கு மணி கூடிக்கொண்டிருப்பவர், நுரையீரலில் இரத்தக்கட்டி என்று சந்தேகித்து இன்னும் சிகிச்சை தொடங்காதவர் ஆகியோரை எழுப்பக் கூடாது. காரணம் சரியானதும், அன்றோ மறுநாளோ மறுபடி பார்க்க வேண்டும். ஒரு நாள் காலையில் ‘இன்று வேண்டாம்’ என்று எடுத்த முடிவு அப்படியே ஒரு வாரம் தொடர்ந்துவிடுவது வார்டுகளில் அடிக்கடி நிகழும் தவறு.

காய்ச்சல் மட்டும் தடை அல்ல. குளிர்நடுக்கம் இருக்கும் நேரத்தில் காத்திருந்து, பாராசிட்டமால் வேலை செய்து வெப்பம் இறங்கியதும் எழுப்பலாம். டிரிப்ஸ், ஆக்சிஜன் குழாய், சிறுநீர்க் குழாய் ஆகிய எவையும் தடை அல்ல. வயதும் தடை அல்ல. 80 வயதுக்காரர் படுக்கையில் இழக்கும் வலுவை மீட்பது 30 வயதுக்காரரைவிடக் கடினம் என்பதால் அவரைத்தான் முதலில் எழுப்ப வேண்டும்.

எழுப்பும் முன் செய்ய வேண்டியவை

நேரம் பார்த்துச் செய்தால் பாதி வேலை எளிதாகும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் நடக்கவைக்கக் கூடாது. நெபுலைசர் கொடுத்த கால் மணி நேரம் கழித்து மூச்சுக்குழல் தளர்ந்திருக்கும். அது நல்ல நேரம். மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்தும் வலி உள்ளவருக்கு வலிமாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்து எழுப்ப வேண்டும். வலி இருந்தால் அவர் ஆழமாக மூச்சு இழுக்கவும் மாட்டார், இருமவும் மாட்டார். இட்லியையோ கஞ்சியையோ நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிடவைப்பது எளிய வழி. ஒரு வேளை உணவிலேயே 20 நிமிடம் நிறைந்துவிடும்.

முதுகும் கையும் தாங்கும் நாற்காலி ஒன்றைக் கட்டிலை ஒட்டி, சுவரில் முட்டிநிற்கும்படி போட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கித் தள்ளிப்போகும் என்பதால் சுவர் ஆதாரம் கட்டாயம். தரை ஈரமாக இருந்தால் காயும்வரை காத்திருக்க வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பும் வெறும் காலுறையும் வழுக்கும். தரையில் புரளும் சேலை, வேட்டி, தளர்ந்த நைட்டி ஆகியவற்றை உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் உள்ளவர் அவற்றை அணிந்திருக்க வேண்டும்.

சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன் குழாயின் நீளம் நாற்காலிவரை எட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் குழாயை நீட்டலாம், அல்லது சக்கரவண்டியில் வைத்த சிறு சிலிண்டரைப் பயன்படுத்தலாம். எழுப்புவதற்காக ஆக்சிஜனைக் கழற்றக் கூடாது. நிமிடத்துக்கு 2 லிட்டர் தேவைப்படுபவருக்கு 20 நிமிடத்துக்கு வெறும் 40 லிட்டர்தான் செலவாகும்.

விரல்நுனி ஆக்சிமீட்டரை நம்பும்முன் நகப்பூச்சை அழிக்க வேண்டும். குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும். கருமையான தோலில் இக்கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே எண் நன்றாக இருந்தாலும் நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பார்ப்பதை விடக் கூடாது.

படிப்படியாக எழுப்பும் முறை

1. கட்டிலின் தலைப்பக்கத்தைப் படிப்படியாக உயர்த்தி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நோயாளி பாதங்களை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை அசைத்தால், காலில் தேங்கிய இரத்தம் மேலேறும்.

2. நோயாளி ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டில் ஓரத்தில் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். உதவுபவர் தோள்பட்டைக்குப் பின்னாலும் முழங்காலுக்கு அடியிலும் தாங்கலாம். கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் தோள் மூட்டைக் கெடுக்கும்.

3. கட்டில் ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார வேண்டும். இரு பாதங்களும் தரையிலோ காலடிப் பலகையிலோ முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். தலைசுற்றல், கண் இருட்டல், குமட்டல் உண்டா என்று கேட்டு, நாடியும் ஆக்சிஜன் அளவும் பார்க்க வேண்டும்.

4. கட்டிலையோ வாக்கரையோ பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். உதவுபவரின் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது, இருவரும் விழுவார்கள். முதல் முறை நிற்கும்போது இரத்த அழுத்தத்தைப் பார்ப்பது நல்லது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால், உட்காரவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீர் வற்றியிருப்பதோ, இரத்த அழுத்த மாத்திரையோ காரணமாக இருக்கலாம்.

5. நின்ற இடத்தில் நாலைந்து முறை காலை மாற்றி மாற்றி எடுத்துவைத்துப் பார்த்த பிறகு, திரும்பி நாற்காலியில் உட்கார வேண்டும். நாற்காலியின் விளிம்பு கால்களின் பின்புறம் தட்டுவதை உணர்ந்த பிறகே உட்கார வேண்டும். 20 நிமிடக் கணக்கு இங்கிருந்து தொடங்குகிறது.

6. உட்கார்ந்திருப்பது எளிதாக இருந்தால் அன்றே கழிவறைவரை நடக்கலாம். உதவுபவர் நோயாளியின் பக்கவாட்டில், சற்றுப் பின்னே நடக்க வேண்டும். ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால் அந்தப் பக்கம். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு உழைப்பு என்பதை நோயாளியின் பேச்சைக் கொண்டே அளக்கலாம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அளவு சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அது அதிகம். மூச்சிரைப்புக்குப் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் சொல்லச் சொல்லி, மூன்று நான்குக்குள் நிறுத்திக்கொள்வதும் வழக்கம். உட்கார்ந்த சில நிமிடத்தில் மூச்சும் நாடியும் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை தூரத்தைக் குறைக்க வேண்டும். அதற்காக எழுப்புவதையே விட்டுவிடத் தேவையில்லை.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கி ஓய்விலும் ஏறாதது, மூச்சு எண்ணிக்கை 35ஐத் தாண்டுவது, நாடி 130ஐத் தாண்டுவது, மார்புவலி, குளிர்ந்த வியர்வை, உதடு நீலம்பாய்வது, பேச்சு குழறுவது, சளியில் புதிதாக இரத்தம் வருவது ஆகிய எதைக் கண்டாலும் உடனே நிறுத்த வேண்டும். மூச்சடைப்பு நோயாளிகளுக்கு ஆக்சிஜன் எல்லையை மருத்துவர் தனியாக எழுதித்தர வேண்டும். நிறுத்தும்போது நோயாளியை எப்படியாவது கட்டிலுக்குக் கொண்டுபோகப் பார்க்காமல், நிற்கும் இடத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து நர்ஸைக் கூப்பிட வேண்டும். மயக்கம் வந்தால் தரையிலேயே படுக்கவைத்துக் கால்களை உயர்த்தலாம். நேற்றுவரை எளிதாக நடந்தவர் இன்று நடக்க முடியாமல் போனால் அதைச் சோம்பலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நுரையீரல் உறையில் நீர், சீழ், இதயச் செயலிழப்பு, இரத்தக்கட்டி ஆகியவற்றின் முதல் அடையாளமாக அது இருக்கலாம்.

நாள்வாரித் திட்டம்

முதல் நாள்: நாற்காலியில் குறைந்தது ஒரு முறை 20 நிமிடம், முடிந்தால் கழிவறைக்கு நடை.

இரண்டாம் நாள்: மூன்று வேளை உணவும் நாற்காலியில், வார்டுக்குள் இரண்டு மூன்று முறை நடை. பெட் பேன் பயன்பாட்டை நிறுத்திவிடலாம்.

மூன்றாம் நாள் முதல்: வராந்தாவில் நாளுக்கு மூன்று நான்கு முறை நடை, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடச் சற்றுக் கூடுதல் தூரம். பகலில் படுக்கை, களைத்த நேரத்தில் சாய்வதற்கு மட்டும்.

இது சராசரி நோயாளிக்கான வரைவு. முன்பே கைத்தடியுடன் நடந்தவருக்கு இலக்கு அந்த நிலையை மீட்பது. முன்பே படுக்கையில் இருந்தவருக்கு நாளுக்கு இரண்டு முறை நாற்காலியில் உட்காருவது. ஆகவே ‘நோய்வரும் முன் எப்படி நடமாடினார்?’ என்பதைச் சேரும் நாளிலேயே குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இடையில் படுக்கும்போது, ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா இருந்தால், நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்தால் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் மேம்படும். கீழ்ப்பக்கம் இரத்த ஓட்டம் அதிகம் என்பதே காரணம். இரத்தம் கக்குபவருக்கும் சீழ்க்கட்டி உள்ளவருக்கும் இது பொருந்தாது. இரத்தமோ சீழோ நல்ல பக்கத்துக்கு வழிந்துவிடும்.

முதுகில் தட்டிச் சளி எடுப்பதைச் சிக்கலற்ற நிமோனியாவில் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்பதும் பிரிட்டிஷ் வழிகாட்டுதலின் பரிந்துரை. சளி கெட்டியாகத் தேங்கி வெளியே வராதவர்களுக்கும், மூச்சுக்குழாய் விரிவு நோய் போன்ற பழைய நோய் உள்ளவர்களுக்கும் மட்டும் பிசியோதெரபிஸ்ட் உரிய முறையைத் தேர்வார். மற்றவர்களுக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சில முறை ஆழமாக மூச்சு இழுத்து, வலிக்கும் இடத்தில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுவது போதும்.

தனிக் கவனம் தேவைப்படுபவர்கள்

மனக்குழப்பம் உள்ள முதியவர்: ஒரே ஆள், ஒரே நேரம், குறுகிய சொற்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்காரவைப்பது இரவு பகல் உணர்வை மீட்க உதவும். கட்டிலோடு கட்டிப்போடுவது குழப்பத்தைக் கூட்டும்.

பக்கவாதம் அல்லது விழுங்குவதில் சிரமம் உள்ளவர்: உணவோ எச்சிலோ மூச்சுக்குழலில் இறங்கியே இவர்களில் பலருக்கு நிமோனியா வருகிறது. சாப்பிடும்போதும், பிறகு குறைந்தது அரை மணி நேரமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளி: இன்சுலின் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாதவரை நடக்கவைக்கும் முன் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

மார்பில் வடிகுழாய் உள்ளவர்: பாட்டில் மார்புக்குக் கீழேயே, நேராக நிற்க வேண்டும். நடப்பதற்காகக் குழாயைக் கிளிப் போட்டு அடைக்கக் கூடாது.

கர்ப்பிணி: பிற்பகுதி மாதங்களில் மல்லாந்து படுப்பது இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பதால் உட்காருவதும் இடப்பக்கம் ஒருக்களிப்பதும் மாறி மாறி வர வேண்டும்.

காசநோய் சந்தேகம் உள்ளவர்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரின் சளிப் பரிசோதனை முடிவு வரும்வரை, முகக்கவசத்துடன், காற்றோட்டமுள்ள தனியறையிலேயே நடமாட்டம் இருக்க வேண்டும், பொது வராந்தாவில் கூடாது.

வீடு திரும்பும் முன்னும் பின்னும்

காய்ச்சல் இறங்கி, நாடி 100க்குள், மூச்சு எண்ணிக்கை 24க்குள், மேல் இரத்த அழுத்தம் 90க்குக் குறையாமல், ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் குறையாமல், வாய்வழி சாப்பிட்டு, தெளிவாக இருப்பவர் நிலைப்பட்டவர். இந்த அளவுகள் ஓய்வில் பார்க்கப்படுபவை. போகும் முன் வராந்தாவில் நடக்கவைத்து ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது நல்லது. வீடு மாடியில் என்றால் படிக்கட்டில் ஏற்றியும் பார்க்க வேண்டும்.

நடை வீட்டிலும் தொடர வேண்டும். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் தரும் பொதுக் கணக்குப்படி, ஒரு வாரத்தில் காய்ச்சல் விடும். நான்கு வாரத்தில் மார்புவலியும் சளியும் பெரிதும் குறையும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் குறையும். மூன்று மாதத்தில் அசதி தவிர மற்றவை போகும். ஆறு மாதத்தில் பெரும்பாலோர் பழையபடி ஆவார்கள். இதைச் சொல்லி அனுப்பாவிட்டால், மூன்றாம் வாரம் அசதி தெரிந்ததும் மறுபடி படுத்துவிடுவார்கள். காய்ச்சல் திரும்புவது, மூச்சிரைப்பு கூடுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவை உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்.

பொறுப்பும் பதிவும்

எழுப்புதல் நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அது யாருடைய வேலை என்று எழுதப்படாததே. ‘முடிந்தால் நடக்கலாம்’ என்ற குறிப்பு யாரையும் எழுப்பாது. ‘காலை, மாலை நாற்காலியில் 20 நிமிடம், ஒருவர் துணையுடன், ஆக்சிஜன் 2 லிட்டரில்’ என்று மருத்துவர் எழுதினால் அது உத்தரவு. முதல் முறை எழுப்புவது நர்ஸ் அல்லது பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் நடக்க வேண்டும். அது பாதுகாப்பாக முடிந்தால், அடுத்தடுத்த முறைகளை, கற்றுக்கொடுத்தபின், துணைக்கு இருக்கும் உறவினரிடம் விடலாம்.

உறவினரின் அச்சத்தையும் பேசித் தீர்க்க வேண்டும். காய்ச்சல்காரரை அசைக்கக் கூடாது, உடம்பு அலுங்கினால் நோய் கூடும் என்ற நம்பிக்கை அன்பிலிருந்து வருவது, அதட்டினால் மாறாது. எழுப்பும் முன்னும் பின்னும் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை அவர்களையே படிக்கச் சொன்னால், உட்கார்ந்த பின் எண் இறங்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், என்ன செய்தார், எத்தனை நிமிடம், யார் உதவினார், முன்னும் பின்னும் நாடி, மூச்சு, ஆக்சிஜன் அளவு, நிறுத்தியிருந்தால் ஏன் ஆகியவற்றைக் கேஸ் ஷீட்டில் ஒரு வரியில் பதிய வேண்டும். ரவுண்ட்ஸில் காய்ச்சல் அட்டையைப் பார்ப்பதோடு இந்த வரியையும் பார்க்க வேண்டும். எழுப்ப வேண்டாம் என்பதற்கு மருத்துவக் காரணம் இருந்தால் அதுவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். காரணம் எழுதப்படாத ஒவ்வொரு நிமோனியா நோயாளியும் அன்றைக்கு எழுப்பி உட்காரவைக்கப்பட வேண்டியவர்.